குளத்துக்கு வேறு, ஆற்றுக்கு வேறு: மாத்தளை நன்னீரில் பொய்ப்பூச்சித் தூண்டில்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் இல்லை, களப்பு இல்லை. ஆனால் நீருக்குக் குறைவில்லை. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஓடைகள் இருக்கின்றன. நடுவே சுது கங்கையும் அம்பன் கங்கையும் ஓடுகின்றன. வடக்கே தம்புள்ளை, கலேவெலப் பக்கம் கந்தளம, வெமெடில்ல, தேவஹூவ என்று குளங்கள். இவற்றோடு கடந்த ஐம்பது ஆண்டுகளில் எழுந்த போவதென்ன, மொரகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்களும் சேர்ந்துவிட்டன. சீகிரியாவையும் தம்புள்ளைக் குகைக் கோயிலையும் பார்க்க உலகெங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் தூண்டில் தடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. சுற்றுலாவை நம்பி வாழும் ஊர்களில் ஒரு கேள்வி தானாகவே எழுகிறது: மேல்நாடுகளில் பெரும் தொழிலாக வளர்ந்திருக்கும் தூண்டில் விளையாட்டுக்கு இந்த நீர்களில் இடம் உண்டா? உண்டென்றால் எந்த நீரில், எந்த மீனுக்கு, யாருடைய அனுமதியோடு?

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். மாத்தளையின் நீரை ஒரே நீராகப் பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கக்கூடிய முதற்பிழை. குளத்து நீருக்கு ஒரு நியதி, ஆற்று நீருக்கு வேறொரு நியதி. குளத்தில் தூண்டிலுக்கு இடம் கொடுக்கலாம். நக்கிள்ஸ் ஆறுகளில் கொடுக்கக் கூடாது. இந்த முடிவுக்கு ஏன் வர நேர்கிறது என்பதை வரலாறு, உயிரியல், வாழ்வாதாரம், அறம் என்ற நான்கு பக்கங்களிலிருந்தும் பார்ப்போம்.

கண்ணால் கண்டு எறியும் கலை

தூண்டிலில் பல வகை உண்டு. மண்புழுவைக் கோத்து மிதப்பு கட்டிக் காத்திருப்பது நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்த வகை. ஆங்கிலத்தில் ஃப்ளை ஃபிஷிங் என்று சொல்லப்படுவது வேறு. அதில் இரை என்று எதுவும் இல்லை. இறகு, மயிர், நூல் ஆகியவற்றை ஒரு சின்ன முள்ளில் சுற்றிப் பூச்சி போலவோ இறால் போலவோ குஞ்சுமீன் போலவோ கட்டுகிறார்கள். இந்தப் பொய்ப்பூச்சிக்குக் கிட்டத்தட்ட எடையே கிடையாது. எடை இருப்பது நூலில். தடித்த, பூச்சுப் பூசிய நூலைத் தடியால் முன்னும் பின்னும் வீசி, அந்த நூலின் வேகத்தால் பூச்சியைக் கொண்டுபோய் இறக்குவதுதான் நுட்பம். கடைசி சில அடிகள் மட்டும் கண்ணுக்குப் படாத மெல்லிய தங்கூசி.

இந்தக் கலை மெலிந்த, அதாவது ஆழம் குறைந்த, நீரில்தான் உச்சத்தைத் தொடுகிறது. அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் உப்புச் சதுப்புகள் பரந்து கிடக்கின்றன. கடல்நீர் ஏறும்போது ரெட்ஃபிஷ் எனப்படும் செம்மீன் புல்லுக்குள் நுழைந்து நண்டையும் இறாலையும் தேடும். முழங்கால் அளவு நீரில் தலையைக் கீழே குத்தி மேயும்போது அதன் வால் நீருக்கு மேலே எழும். வாலடியில் கண் போன்ற கரும்புள்ளி பளிச்சென்று தெரியும். தூண்டிற்காரர் மீனை முதலில் பார்க்கிறார், பிறகுதான் எறிகிறார். இந்த மீன் நம் கடலுக்கு முற்றிலும் அந்நியம் அல்ல. நம் சந்தைகளில் கத்தாளை என்றும் பன்னா என்றும் விற்கும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். காற்றுப்பையை அதிரவைத்து ஒலி எழுப்பும் குணமும் அந்தக் குடும்பத்துக்கு உரியது.

அந்த மீனின் வரலாறு நம் கேள்விக்கு நேரடியாகப் பயன்படுகிறது. 1980களின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் சமையற்கலைஞர் போல் புருடோம், மசாலா தடவி இரும்புச் சட்டியில் கருக வறுத்த ரெட்ஃபிஷை நாடெங்கும் பிரபலமாக்கினார். தேவை பெருகியது. கடலில் திரண்டிருந்த முட்டையிடும் பெருமீன்களைச் சுருக்கு வலைகள் வாரி எடுத்தன. மீன் சரிந்தது. டெக்சஸ் மாநிலம் 1981 இலேயே அந்த மீனின் விற்பனையைத் தடுத்து, தூண்டிலுக்கு மட்டும் உரிய மீனாக அறிவித்திருந்தது. பின்னர் மற்ற மாநிலங்களும் மத்திய அரசும் கட்டுப்பாடுகள் விதித்தன. 2007 இல் அமெரிக்க ஜனாதிபதியின் ஆணை ஒன்றும் இந்த மீனுக்குப் பாதுகாப்பாக வந்தது. மீன் மீண்டது. தூண்டிற்காரர்கள் திரண்டு அரசியல் அழுத்தம் கொடுத்ததே அந்த மீட்சிக்கு முக்கிய காரணங்களில் ஒன்று.

ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. விற்பனைத் தடையால் வலைத்தொழிலாளரின் வருமானம் போயிற்று. மீன் ஒரு வர்க்கத்தின் கையிலிருந்து இன்னொரு வர்க்கத்தின் கைக்கு மாறியது. அமெரிக்கக் கதையை இங்கே முன்மாதிரியாகக் கொண்டுவருவோர் இந்தப் பாதியை மறந்துவிடக் கூடாது. தம்புள்ளைக் குளத்து மீனவரிடமிருந்து மீனை எடுத்து உல்லாசப் பயணியிடம் கொடுப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

தோட்டத்துரைமாரின் தடம்

பொய்ப்பூச்சித் தூண்டில் இலங்கைக்குப் புதிது அல்ல. 1880களில் பிரித்தானியத் தோட்டத்துரைமார் ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலேற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தனர். பிரவுன் ட்ரவுட் நிலைக்கவில்லை. பின்னர் வந்த ரெயின்போ ட்ரவுட் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் குளிரோடைகளில் வேரூன்றியது. இதே முயற்சி நீலகிரியிலும் மூணாற்றிலும் நடந்தது. மலையைத் தேயிலைக்கு மாற்றியவர்கள், மலையோடையையும் தங்கள் ஊர் ஓடையாக மாற்ற முயன்றார்கள். அந்த ஓடைகளில் ஏற்கெனவே என்ன வாழ்ந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. நாட்டு இறாலுக்கும் தவளைக் குஞ்சுக்கும் ட்ரவுட் ஒரு புதிய எதிரி என்ற கவலை பிற்கால ஆய்வாளர்களுக்குத்தான் வந்தது.

மாத்தளையின் ஆறுகள் ட்ரவுட்டுக்கு ஏற்ற அளவு குளிர்ந்தவை அல்ல. அதனால் இந்த மாவட்டம் அந்த மாற்றத்திலிருந்து தப்பியது. நமக்குப் பொருத்தமான முன்னோடி வேறொருவர். சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873 இல் இந்திய ஆறுகளின் தூண்டில் பற்றி ஒரு நூல் எழுதினார். 1887 இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே தனி நூல் ஒன்றையும் வெளியிட்டார். மேல்நாட்டு மீனை இறக்குமதி செய்யாமல், இந்த மண்ணின் ஏரியிலும் குளத்திலும் இருக்கும் மீனே தூண்டிலுக்குப் போதும் என்று ஒருவர் ஒரு நூல் முழுவதும் எழுதும் அளவுக்கு நம்பியது கவனிக்கத்தக்கது. ட்ரவுட் கொண்டுவந்தவர்களின் வழியும் குளத்தை நோக்கியவரின் வழியும் இரண்டு வேறு வழிகள். இன்று மாத்தளை எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதே கேள்வி.

திருப்பிவிடப்பட்ட நீர்

இந்த மாவட்டத்தின் நீரைப் புரிந்துகொள்ள அது எப்படித் திருப்பப்பட்டது என்பதை அறிய வேண்டும். கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவெல மின்நிலையத்துக்கு நீரைக் கொண்டுவரும் திட்டம் 1976 இல் செயற்பட்டது. மின்சாரம் தந்துவிட்டு அந்த நீர் சுது கங்கையில் விழுகிறது. மாத்தளை நகரைத் தொட்டு ஓடும் சின்ன ஆறு, அன்றிலிருந்து மகாவலியின் நீரையும் சுமக்கிறது. கீழே போவதென்னவில் அம்பன் கங்கை தேக்கப்பட்டு, இன்னொரு சுரங்கத்தால் கலாவெவப் பக்கம் திருப்பப்படுகிறது. அதன் பிறகு மொரகஹகந்தத் திட்டம் வந்தது. 2007 இல் வேலை தொடங்கி 2018 இல் அணை முழுமையாகச் செயலுக்கு வந்தது. 2018 இலேயே களு கங்கை அணையும் நீர் தேக்கத் தொடங்கியது. பழைய லக்கல நகரம் நீருக்குள் போக, மேட்டில் புதிய நகரம் கட்டப்பட்டது.

இந்த நீர் வறண்ட வலயத்தின் வயல்களுக்கு உயிர். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஓடிக்கொண்டிருந்த நீர் நின்றுவிட்டது. கூழாங்கல் மீது சலசலத்து ஓடும் நீரில் மேய்ந்து, அங்கேயே முட்டையிடும் மீனுக்கு ஆழமான அசையா நீரில் வாழ்க்கை இல்லை. நின்ற நீரில் பெருகுவது வேறு மீன்.

போவதென்ன நீர்த்தேக்கத்துக்காக நாலந்தா கெடிகே என்ற பழைய கற்கோயிலை 1970களில் கல் கல்லாகக் கழற்றி, பின்னர் நீருக்கு மேலே உயர்ந்த இடத்தில் மறுபடி எழுப்பினார்கள். மாத்தளைச் சாலையில் போகும் எவரும் இன்று அதைப் பார்க்கலாம். கல்லுக்கு அது முடிந்தது. ஓர் ஆற்றின் மீனுக்கு அப்படிச் செய்ய முடியாது. அதற்கு வேண்டியது இடம் மட்டும் அல்ல. குறிப்பிட்ட வேகம், நிழல், அடிக்கல், பருவ வெள்ளம் என்று ஓர் ஆற்றையே பெயர்த்து வைக்க வேண்டியிருக்கும்.

குளத்து மீனும் குளத்து மக்களும்

முதலில் குளங்களைப் பார்ப்போம். வறண்ட வலயக் குளத்தில் முன்பு இருந்தவை விரால், குறவை, கெளுத்தி, சுங்கான், கெண்டை வகைகள், வாளை, விலாங்கு. குளம் வற்றும் காலத்தில் ஊரே இறங்கிக் கரப்புக் குத்திப் பிடித்த மீன்கள் இவை. 1952 இல் ஆப்பிரிக்கத் திலாப்பியா நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. ஆண் மீன் கரையோர மெலிந்த நீரில் குழி பறிக்கும். பெண் மீன் முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கும். அலை அடிக்காத, தாவர நுண்ணுயிர் நிறைந்த குளம் அதற்குச் சொர்க்கம். இன்று இலங்கையின் உள்நாட்டு மீன்பிடியில் பெரும்பங்கு திலாப்பியாதான். ரோகு, கட்லா போன்ற இந்தியக் கெண்டைகள் குளத்தில் தாமாகப் பெருகுவதில்லை. குஞ்சு பொரிக்கச் செய்து விட வேண்டும். அந்த வேலையைத் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் நிலையங்கள் செய்கின்றன. அவற்றில் ஒன்று தம்புள்ளையில் இருக்கிறது.

இந்தத் தொழிலின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு காயம் உண்டு. 1990 இல் அரசு உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற மதநோக்கு அதன் பின்னால் இருந்தது. குஞ்சு உற்பத்தி நிலையங்கள் கைவிடப்பட்டன. கண்காணிப்பு போயிற்று. சிறுகண் வலைகள் புகுந்தன. 1994 இல் ஆதரவு திரும்பியது. 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் மேற்சொன்ன அதிகாரசபை உருவானது. இன்று 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள்வலைக்குத் தடை, தங்கூசி வலைக்குத் தடை, நஞ்சுக்கும் வெடிக்கும் தடை என்று விதிகள் இருக்கின்றன. இவற்றை நீரில் நடைமுறைப்படுத்துவது பெரும்பாலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள்தான். அரசு கைவிட்ட நான்காண்டு காலம் ஒரு பாடத்தைத் தெளிவாகத் தந்தது: குளத்துக்கு ஒரு பொறுப்பாளர் இல்லாவிட்டால் குளம் கெடும். அந்தப் பொறுப்பாளர் குளத்தை நம்பி வாழ்பவராக இருந்தால்தான் காவல் நிலைக்கும்.

ஆகவே குளத்தில் தூண்டிலுக்கு இடம் தருவதென்றால் முதல் நிபந்தனை இது. அனுமதி அந்தக் குளத்தின் மீனவர் சங்கத்தின் வழியாக வர வேண்டும். கட்டணம் அந்தச் சங்கத்தின் மீன்குஞ்சு நிதிக்குப் போக வேண்டும். வழிகாட்டிகள் மீனவக் குடும்பங்களிலிருந்து வர வேண்டும். காலையில் வலை எடுத்து முடித்த தோணி, மாலையில் ஒரு விருந்தாளியை ஏற்றிச் செல்வதில் யாருக்கும் நட்டம் இல்லை. விருந்தாளிக்காக வலை போடும் இடம் மூடப்பட்டால் அது நட்டம்.

தொழில்நுட்பமாகவும் குளத்தின் விளிம்பு இந்தக் கலைக்கு ஏற்றது. வடகீழ்ப் பருவமழைக்குப் பின் குளம் நிறைந்து வான் பாயும் காலத்தில் மேற்பகுதிப் புல்வெளிகள் மெல்லிய நீரில் மூழ்கும். அங்கே திலாப்பியா மேயும். வளர்ப்புக் கெண்டைகள் தலையைக் கீழே குத்திச் சேற்றைக் கிளறும்போது வால் மேலே தெரிவதும் உண்டு. சதுப்பில் ரெட்ஃபிஷைத் தேடும் கண்ணுக்கு இது நன்றாகப் பழகிய காட்சி. விராலைப் பொறுத்தவரை ஒரு கட்டுப்பாடு வேண்டும். விரால் தன் குஞ்சுத் திரளுக்கு அடியிலேயே நின்று காவல் காக்கும். நீர்ப்பரப்பில் குஞ்சுகள் மூச்செடுக்கும் கொப்புளத்தைப் பார்த்து அதன் மேல் பூச்சியை எறிந்தால் தாயும் தந்தையும் நிச்சயம் பாயும். அது பசியால் வரும் பாய்ச்சல் அல்ல. காவல் மீன் போனால் சில நிமிடங்களில் அந்தத் திரளை மற்ற மீன்கள் தின்றுவிடும். குஞ்சோடு நிற்கும் விராலைத் தொடாதே என்பது எழுதப்பட்ட விதியாகவே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சதுப்பில் தூண்டிற்காரர் இறங்கி நடக்கிறார். வறண்ட வலயக் குளத்தில் அப்படி நடக்கக் கூடாது. குளத்து முதலை உண்டு. மாலையில் நீருக்கு வரும் யானையும் உண்டு. தோணியும் உள்ளூர் ஆளும் இங்கே கட்டாயம்.

ஆற்று மீனின் நிலை

இனி ஆறு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்கு, வடக்குச் சரிவுகளில் பிறக்கும் ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழ்கின்றன. அவற்றில் இரண்டைச் சொன்னால் போதும். களு கங்கையில் பல்லேகம பக்கத்திலிருந்து 1985 இல் அறிவியலுக்கு அறிமுகமான டாக்கின்சியா சிறிலங்கென்சிஸ் ஒன்று. ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து நீண்ட இழைகள் கிளம்பும். உடலில் கரும்புள்ளிகள் இருக்கும். மற்றொன்று இலுக்கும்புர சுற்றுப்புறத்து அம்பன் கங்கைப் படுகையிலிருந்து 1991 இல் விவரிக்கப்பட்ட சிஸ்டோமஸ் மார்ட்டென்ஸ்டைனி. இரண்டும் கெண்டைக் குடும்பத்தவை. இரண்டின் உலகமும் சில ஆற்றுத் துண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. பல்லேகமவின் ஆற்றைத்தான் களு கங்கை அணை தேக்கியது.

இவற்றோடு மஹ்சீர் உண்டு. சிங்களத்தில் லேஹெல்லா என்பார்கள். மகாவலியிலும் அதன் கிளைகளிலும் வாழும் பெரிய செதிள்களும் பெரும் வலிமையும் கொண்ட மீன் இது. தென்னாசியத் தூண்டிற்காரர்களின் கனவு மீன். விருந்தாளிகள் மாத்தளைக்கு வந்தால் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

நக்கிள்ஸ் 2000 ஆம் ஆண்டு பாதுகாப்பு வனமாக்கப்பட்டது. 2010 இல் இலங்கையின் மத்திய உயர்நிலங்கள் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது அதுவும் ஓர் அங்கமானது. 1984 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட வஸ்கமுவவின் ஒரு பகுதியும் இந்த மாவட்டத்தில்தான். காட்டுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் ஆற்றுக்குப் பாதுகாப்பு என்பது காட்டோடு முடிவதில்லை. விதானத்துக்குக் கீழே ஏலக்காய் பயிரிட்ட காலத்தில் அடிச்செடிகள் அகற்றப்பட்டு மண் கரைந்தது. மரம் நின்றது போலத் தெரிந்தாலும் மண் ஓடையில் இறங்கியது. கூழாங்கல்லின் இடுக்கில் வண்டல் படிந்தால் அங்கே இட்ட முட்டை மூச்சுத் திணறும். மேலே மண் கரைவது, நடுவே மணல் அள்ளுவது, கீழே அணை. மூன்றுக்கும் நடுவே மீந்திருக்கும் ஓடும் நீர்த் துண்டுகளில் இந்த மீன்கள் வாழ்கின்றன.

இந்த நிலையில் அங்கே தூண்டிலை அனுமதிப்பது எனக்கு ஏற்புடையதல்ல. ஒரு தூண்டிலால் ஓர் இனம் அழியாது என்பது உண்மைதான். ஆனால் அனுமதி ஒருமுறை வந்துவிட்டால் அதன் பின்னால் பாதை வரும், கூடாரம் வரும், கடைசியில் ‘மீன் குறைந்துவிட்டது, குஞ்சு விடுவோம்’ என்ற யோசனையும் வரும். அந்த யோசனைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதற்குக் காவிரி சாட்சி.

காவிரி கற்பித்தது

கர்நாடகத்தில் காவிரியின் கலிபோர், பீமேஸ்வரிப் பக்கத்து ஆழமடுக்களில் உலகின் மிகப் பெரிய மஹ்சீர் வாழ்ந்தது. 1946 இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் 120 இறாத்தல் மீனைப் பிடித்தார். முதுகு திமில் போல உயர்ந்த அந்த இனத்தைக் காக்கவென்று தூண்டிற்காரர்களே ஆற்றுத் துண்டுகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். வெடி வைப்பவர்களைத் துரத்தினார்கள். பிடித்த மீனை எடைபோட்டு, எழுதிவைத்து, ஆற்றிலேயே விட்டார்கள். வெடி வைத்துப் பிழைத்த சில உள்ளூர்க்காரர்கள் வழிகாட்டிகளாக மாறினார்கள். தூண்டிலால் ஓர் ஆறு காக்கப்பட்டதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் தென்னாசியாவில் இல்லை.

ஆனால் அதே காலத்தில் மகாராட்டிரத்தின் லோனாவ்லா நிலையத்தில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. மஹ்சீர் என்றால் எல்லாம் மஹ்சீர்தானே என்ற நம்பிக்கை. வந்த மீன் பெருகியது. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் சரிந்தது. இதைக் காட்டிக்கொடுத்தது தூண்டிற்காரர்களின் பதிவேடுகளே. 1998 முதல் 2012 வரையான கலிபோர் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்து அலசியபோது, மொத்தத்தில் மீன் பெருகியிருந்தாலும் நாட்டினம் மறைந்துகொண்டிருப்பது தெரிந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தூண்டிலுக்குத் தடை வந்த பின் முகாம்கள் மூடின. அந்தப் பதிவேடும் நின்றது. 2018 இல்தான் திமில் மஹ்சீரின் அறிவியற் பெயர் டோர் ரெமாதேவியை என்று உறுதியானது. அதே ஆண்டு அது மிக அபாய நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பெயர் தெரியும் முன்பே ஏறக்குறைய இழந்துவிட்ட மீன்.

இதிலிருந்து மாத்தளைக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, எவ்வளவு நல்ல நோக்கத்தோடும் ஆற்றில் வெளியூர்க் குஞ்சை விடக் கூடாது. மஹ்சீராக இருந்தாலும், நம் தீவின் இன்னோர் ஆற்றிலிருந்து வந்ததாக இருந்தாலும் கூடாது. சுரங்கங்களால் ஏற்கெனவே ஆற்று நீர்கள் கலந்துவிட்ட மாவட்டத்தில் மீந்திருக்கும் வேறுபாடுகளைக் கையால் அழிக்க வேண்டாம். இரண்டு, ஆற்றைத் தொடர்ந்து பார்த்து எழுதிவைக்கும் கண்கள் வேண்டும். அந்தக் கண்களுக்கு முள் தேவையில்லை. தெளிந்த ஓடையில் நீர்க்கண்ணாடி அணிந்து முகத்தை நீருக்குள் வைத்தாலே மீனை எண்ணலாம், இனம் காணலாம், படமெடுக்கலாம். இலுக்கும்புரவிலும் பல்லேகமவிலும் வளரும் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால், காவிரியில் தூண்டிற்காரர் செய்த காவலை இங்கே தூண்டில் இல்லாமலே செய்யலாம்.

பிடித்து விடுவது அறமா?

எஞ்சியிருப்பது அறக்கேள்வி. பிடித்த மீனை உயிரோடு விட்டுவிடுவது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பண்பாடாகப் போற்றப்படுகிறது. சுவிட்சர்லாந்தில் இதற்கு நேர்மாறான சட்டம் உண்டு. விட்டுவிடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பது அங்கே தடைசெய்யப்பட்டிருக்கிறது. உணவுக்காக என்றால் ஓர் உயிருக்கு வலி தருவதற்குக் காரணம் உண்டு, பொழுதுபோக்குக்காக என்றால் இல்லை என்பது அவர்களின் வாதம். அலுவிகாரையும் தம்புள்ளையும் உள்ள மாத்தளையில், கொல்லாமையை முதற்சீலமாகக் கொண்ட அயலவர்களோடு வாழும் நமக்கு இந்த வாதம் அந்நியம் அல்ல. பசிக்குப் பிடிப்பவரை ஊர் மன்னிக்கும். விளையாட்டுக்கு வதைப்பவரை மன்னிக்க ஊர் தயங்கும்.

என் நிலை இது. குளத்தில் பிடிக்கும் திலாப்பியாவையும் கெண்டையையும் உண்ணலாம், உண்ணவும் வேண்டும். வேண்டிய அளவு கிடைத்ததும் தடியைச் சுருட்டிவிட வேண்டும். விட வேண்டிய மீன் வந்தால், அதாவது சிறியது, முட்டை சுமப்பது, நாட்டினத்தைச் சேர்ந்தது எதுவானாலும், அது பிழைக்கும்படி விட வேண்டும். வெறுமனே நீரில் போட்டால் போதாது. சூடான நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைவு. நீண்ட நேரம் போராடிக் களைத்த மீன், அப்போதைக்கு நீந்திப் போனாலும் பின்னர் இறக்கலாம். ஆகவே எதிர்முள் இல்லாத வழவழ முள், நனைந்த கை, நீருக்குள்ளேயே முள்ளை எடுத்தல், படத்துக்காகத் தூக்கி நிறுத்தாமை ஆகியவை கட்டாயம். ஆவணி, புரட்டாதியில் குளம் சுருங்கிக் கொதிக்கும் வாரங்களில் தூண்டிலே வேண்டாம். அப்போது மீனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அந்நிய மீன் தப்புவது பற்றியும் ஒரு சொல். அழகுமீன் தொட்டிகளிலிருந்து விடப்பட்ட டேங்க் கிளீனர், கத்தி மீன் வகைகள் நாட்டின் சில நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டன. தூண்டிலுக்கு விறுவிறுப்பான மீன் வேண்டும் என்று யாராவது ஒரு வேட்டை மீனைக் குளத்தில் விட்டால், வான் பாயும் முதல் மழையில் அது ஆற்றுக்குப் போகும். மாத்தளையில் குளமும் ஆறும் சுரங்கத்தாலும் வாய்க்காலாலும் பிணைந்தவை. ஆற்றுக்குத் தனி நியதி என்று எழுதிவிட்டுக் குளத்தில் புது மீனை விடுவது அந்த நியதியையே குலைக்கும்.

முடிவாக

இதுவரை பார்த்தவற்றை மாவட்டச் செயலகமும் மீனவர் சங்கங்களும் எடுத்துப் பேசக்கூடிய வடிவில் தொகுத்தால் இப்படி அமையும். கந்தளம, தேவஹூவ, வெமெடில்ல போன்ற குளங்களிலும் பெரிய நீர்த்தேக்கங்களின் விளிம்புகளிலும் மீனவர் சங்கத்தின் அனுமதிச் சீட்டோடு தூண்டிலுக்கு இடம் தரலாம். அங்கே இலக்கு திலாப்பியாவும் குஞ்சு விட்டு வளர்த்த கெண்டையும் மட்டும். ஒவ்வொரு சீட்டோடும் ஒரு பதிவுத்தாள் இருக்க வேண்டும். பிடித்தது என்ன, எவ்வளவு நீளம், எந்த இடம், எந்த நாள் என்று அதில் எழுத வேண்டும். அந்தத் தாள் தம்புள்ளை நிலையத்துக்குப் போக வேண்டும். நக்கிள்ஸ் ஓடைகள், களு கங்கையின் அணைக்கு மேற்பட்ட ஓடும் நீர், அம்பன் கங்கையின் தேங்காத துண்டுகள் ஆகியவற்றில் தூண்டில் முழுமையாகத் தவிர்க்கப்பட வேண்டும். அங்கே மண்ணரிப்பைத் தடுப்பதும் அணைக்குக் கீழே ஆண்டு முழுதும் போதிய நீர் விடுவதும் மீன்களை எண்ணுவதும்தான் செய்ய வேண்டிய வேலை. ஆற்றில் எந்தக் குஞ்சும் விடப்படக் கூடாது.

இதில் தூண்டிற்காரருக்கு இழப்பு குறைவு. கலையின் சுவை மீனின் பெயரில் இல்லை. மெலிந்த நீரில் மீனைக் கண்டுபிடித்து அதன் போக்கை அறிந்து எறிவதில்தான் இருக்கிறது. அதற்குத் தம்புள்ளைக் குளத்தின் திலாப்பியாவே போதும். அதே வேளை, ஆற்று மீனை இழந்தால் அதை ஈடுசெய்ய எந்தக் குளத்தாலும் முடியாது. ரெட்ஃபிஷுக்குப் பரந்த கடல் இருந்தது. சட்டம் வந்ததும் அது மீண்டது. பல்லேகம ஆற்றின் மீனுக்குக் கடல் இல்லை. அதற்கு இருப்பது சில மைல் ஓடும் நீர் மட்டும். அந்த மைல்களுக்கு நியதி வகுப்பதை, தூண்டில் சுற்றுலாவுக்கான திட்டம் வரையப்படும் முன்பே செய்து முடிக்க வேண்டும்.